நெஞ்சிடைப் பகுதியின் புற்றுநோய்: மருத்துவம் அதைப் பிரித்தறிந்த வரலாறு

இரு நுரையீரல்களுக்கும் நடுவே, முன்புறம் மார்பெலும்பும் பின்புறம் முதுகெலும்பும் மேலே கழுத்தின் அடிப்பகுதியும் கீழே உதரவிதானமும் எல்லைகளாக அமைந்த இடத்தை உடற்கூற்றியலார் மீடியாஸ்டினம் என்று அழைக்கின்றனர். தமிழில் அதனை நெஞ்சிடைப் பகுதி எனலாம். இதயமும், அதிலிருந்து எழும் பெருந்தமனியும், தலை, கைகளிலிருந்து இரத்தத்தைத் திரும்பக் கொணரும் மேற்பெருஞ்சிரையும், மூச்சுக்குழாயும், உணவுக்குழாயும், நிணநீர் முடிச்சுகளும், குரல்வளைக்கும் உதரவிதானத்துக்கும் செல்லும் நரம்புகளும், குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாக மாறும் தைமஸ் சுரப்பியும் இந்தக் குறுகிய இடத்தில் ஒன்றையொன்று ஒட்டியே அமைந்துள்ளன. இவற்றுள் எதில் கட்டி வளர்ந்தாலும் அது தன் அண்டை உறுப்பை நெருக்கும் என்பதால், வேறுவேறு திசுக்களில் பிறந்த நோய்கள் ஒரே வகையான அறிகுறிகளுடன் வெளிப்படுகின்றன. முகம் வீங்கும், கழுத்துச் சிரைகள் புடைக்கும், படுத்தால் மூச்சு முட்டும், குரல் கம்மும். இதனால் பல நோய்களை ஒரே நோயாகக் கருதும் பிழை மருத்துவத்தில் நெடுங்காலம் நிலைத்தது. கட்டி எங்கே இருக்கிறது என்பதற்கு அப்பால், அது எந்த உயிரணுவிலிருந்து பிறந்தது என்று கேட்கத் தொடங்கிய போதெல்லாம் அந்தப் பிழையில் ஒரு பகுதி களையப்பட்டது. அதனுடன் சிகிச்சையும் மாறியது.

அறிகுறிகளின் தொகுதி முதலில் கவனத்துக்கு வந்தது புற்றுநோய் வழியாக அன்று. 1757இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர், பெருந்தமனிச் சுவர் பலவீனமடைந்து பை போல் புடைத்து மேற்பெருஞ்சிரையை நெருக்கி அடைத்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். மேகநோய் பரவியிருந்த அக்காலத்தில் அத்தகைய தமனிப் புடைப்பு அரிதன்று. ஆகவே முகம் வீங்கி வந்தவரின் நெஞ்சில் இருப்பது புடைத்த தமனியா, காசநோயால் வீங்கிய முடிச்சா, உண்மையான கட்டியா என்பது பெரும்பாலும் பிணக்கூறாய்வு மேசையில்தான் தெரியவந்தது. வயிற்றைக் கையால் அழுத்திப் பார்க்கலாம், மார்பகத்தைத் தொட்டுப் பார்க்கலாம். மார்பெலும்புக்குப் பின்னால் இருப்பதைக் காணவும் தொடவும் அன்று வழியே இல்லை.

1832இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் அருங்காட்சியகப் பொறுப்பாளராகவும் நோய்க்கூற்றியல் விளக்குநராகவும் இருந்த தாமஸ் ஹாட்ஜ்கின், நிணநீர் முடிச்சுகளும் மண்ணீரலும் ஒருங்கே பெருத்திருந்த ஏழு பேரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அவர்களுள் ஒருவரின் விவரம், ராபர்ட் கார்ஸ்வெல் வரைந்த ஓவியத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. காசநோயோ வேறு அழற்சியோ பரவியதால் முடிச்சுகள் வீங்கவில்லை, நோய் முடிச்சுகளிலேயே தொடங்குகிறது என்பது அவரது துணிபு. நுண்ணோக்கியைச் செம்மைப்படுத்திய ஜோசப் ஜாக்சன் லிஸ்டருடன் சேர்ந்து 1827இல் இரத்தச் சிவப்பணுக்களை ஆராய்ந்தவர் அவர். இருந்தும் இந்த முடிச்சுகளை அவர் வெறுங்கண்ணால் மட்டுமே ஆராய்ந்தார், ஏனெனில் திசுவை மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றிப் பார்க்கும் முறை அப்போது உருவாகியிருக்கவில்லை. கட்டுரை மறக்கப்பட்டுக் கிடந்தது. அதே மருத்துவமனையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ் 1865இல் அதை மீட்டு, நோய்க்கு ஹாட்ஜ்கினின் பெயரைச் சூட்டினார். கட்டுரை வெளியாகி ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1926இல், கைஸ் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த அதே உறுப்புகளிலிருந்து சீவல்கள் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவற்றுள் சில இன்று ஹாட்ஜ்கின் நோய் என வழங்கப்படுவதே என்பது உறுதியாயிற்று. வெறுங்கண்ணை மட்டும் நம்பியவர் இவ்வளவு சரியாகப் பிரித்தறிந்தார் என்பது மருத்துவ வரலாற்றில் போற்றத்தக்க செயல்.

இடைப்பட்ட காலத்தில் 1898இல் கார்ல் ஸ்டெர்ன்பெர்க்கும் 1902இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டாரதி ரீடும் இந்நோய்க்கே உரிய பேருருவ அணுக்களை விவரித்தனர். ஸ்டெர்ன்பெர்க் இதனைக் காசநோயின் ஒரு விசித்திர வடிவமாகவே கருதினார். ரீட் அதை மறுத்து, இது தனி நோய் என்று நிறுவினார். இளம்வயதினரிடம், சிறப்பாக இளம்பெண்களிடம், நெஞ்சின் முன்பகுதியில் பெருங்கட்டியாக இந்நோய் வெளிப்படுவது மிகுதி என்பதால், நெஞ்சிடைப் பகுதியின் வரலாற்றிலிருந்து ஹாட்ஜ்கினைப் பிரிக்க இயலாது.

இந்த வரலாற்றின் மிக நீண்ட பகுதி மருத்துவமனைக்கு வெளியே, ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்திலுள்ள ஷ்னீபெர்க் என்னும் சுரங்க ஊரில் நடந்தது. சாக்சனிக்கும் பொஹீமியாவுக்கும் எல்லையாக நிற்கும் எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடரில் 1470களில் வெள்ளி பெருமளவில் கிடைத்ததால் அவ்வூர் செழித்தது; வெள்ளி குறைந்த பின் கோபால்ட், பிஸ்மத், நிக்கல் தாதுக்கள் தோண்டப்பட்டன. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நீலநிறம் தந்தது இங்கிருந்து போன கோபால்ட்தான். அம்மலைகளின் சுரங்கத் தொழிலாளர்கள் மூச்சிரைத்து, மெலிந்து, இளவயதிலேயே இறப்பது பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுத்தில் பதிவாகிவிட்டது. மலையின் மறுபுறத்து யோவாகிம்ஸ்தாலில் நகர மருத்துவராக இருந்த கேயார்க் அக்ரிகோலா, 1556இல் வெளிவந்த தம் சுரங்கவியல் நூலில், தூசி நுரையீரலை அரிப்பதையும், கார்பேத்திய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஒருவர் பின் ஒருவராக ஏழு கணவர்களை இழந்த பெண்கள் இருந்ததையும் குறித்து வைத்தார். சுரங்கத்துக்குள் நல்ல காற்று செலுத்தும் பொறிகளையும் அதே நூலில் படங்களுடன் விளக்கினார். பாராசெல்சஸ் சுரங்கத் தொழிலாளரின் நோய் பற்றி எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1567இல் அச்சேறியது. நோய் எதனால் வருகிறது என்ற ஐயம் மட்டும் மேலும் மூன்று நூற்றாண்டுகள் தீராமலே இருந்தது.

1879இல் ஷ்னீபெர்க் சுரங்க மருத்துவரான ஹேர்ட்டிங்கும் அப்பகுதி அரசு மருத்துவரான வால்தர் ஹெஸ்ஸெயும் இந்நோயை முறையாக ஆராய்ந்து, அது ஒரு புற்றுநோய் என்று அறிவித்தனர். இறந்த தொழிலாளர்களின் உடல்களைக் கூறாய்ந்தும், இறப்புப் பதிவுகளைத் தொகுத்தும், அச்சுரங்கத் தொழிலாளரின் இறப்புகளில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு இந்நோயே காரணம் என்ற கொடுமையான உண்மையை அவர்கள் வெளிக்கொணர்ந்தனர். ஒரு தொழில் உள்ளுறுப்பில் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய முதல் ஆய்வுகளில் ஒன்று இது.

ஆயினும் ஆய்வின் நடுவில் ஒரு பிழை இருந்தது. நுரையீரலின் வேர்ப்பகுதியில், அதாவது மூச்சுக்குழாய்க் கிளைகளும் இரத்தக்குழாய்களும் நெஞ்சிடைப் பகுதியிலிருந்து நுரையீரலுக்குள் நுழையும் இடத்தில், முடிச்சுகள் திரண்டு பெருங்கட்டியாக இருந்ததைக் கண்ட அவர்கள், புற்று அந்நிணநீர் முடிச்சுகளிலேயே பிறந்தது என்று முடிவு செய்து அதனை நிணத்திசுப் புற்றாக வகைப்படுத்தினர். காரணமாகத் தாதுவிலிருந்த ஆர்செனிக்கின்மேல் ஐயம் எழுந்தது. 1913இல் ஆர்ன்ஸ்டைன் என்பார் ஷ்னீபெர்க் தொழிலாளரின் திசுக்களை ஆராய்ந்து, புற்று பிறந்த இடம் முடிச்சு அன்று, மூச்சுக்குழாயின் உட்பரப்பை மூடியிருக்கும் படலமே என்று காட்டினார். அங்கே பிறந்த புற்றணுக்கள் நிணநீர் வழியே நகர்ந்து முடிச்சுகளில் தங்கி, பிறந்த இடத்தைவிடப் பெரிதாக அங்கே வளர்ந்திருந்தன. பெரிய கட்டி இருக்கும் இடமே நோயின் பிறப்பிடம் என்று கொண்டதில்தான் முன்னோர் தவறினர்.

வெறும் வகைப்பாட்டுச் சர்ச்சையாக இதைத் தள்ளிவிட முடியாது. தொழிலாளர் மூச்சில் இழுக்கும் காற்று நேரே படும் படலத்தில் புற்று பிறக்கிறது என்று தெரிந்த பின், அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்ற கேள்வி கூர்மை பெற்றது. யோவாகிம்ஸ்தால் சுரங்கக் கழிவிலிருந்த பிட்ச்பிளெண்ட் தாதுவைக் கொண்டுதான் மேரி, பியர் கியூரி தம்பதியர் 1898இல் ரேடியத்தைக் கண்டறிந்தனர்; ரேடியம் சிதைவதால் பிறக்கும் ரேடான் என்னும் நிறமும் மணமுமற்ற வாயு அப்பாறைகளிலிருந்து சுரங்கக் காற்றில் கலந்துகொண்டே இருந்தது. 1920களில் ஷ்னீபெர்க் சுரங்கங்களில் ரேடான் அளவிடப்பட்டது. அவ்வாயுவின் சிதைவில் உண்டாகும் பொருள்கள் தூசியில் ஒட்டி மூச்சுக்குழாய்ப் படலத்தில் படிந்து, ஆல்ஃபா கதிர்களால் அவ்வணுக்களைச் சிதைக்கின்றன என்பது பின்னர் விளங்கியது. 1925இல் ஜெர்மன் அரசு இழப்பீட்டுக்கு உரிய தொழில்நோய்களின் முதல் பட்டியலை வெளியிட்டபோது ஷ்னீபெர்க் நுரையீரல் நோய் அதில் இடம்பெற்றது. இவ்வளவு தெரிந்திருந்தும், 1946க்குப் பின் சோவியத் ஒன்றியத்தின் அணுத்திட்டத்துக்காக அதே மலைகளில் விஸ்முட் நிறுவனம் யுரேனியம் தோண்டத் தொடங்கியபோது, முதல் ஆண்டுகளில் போதிய காற்றோட்டமின்றி ஆயிரக்கணக்கானோர் உள்ளே இறக்கப்பட்டனர். அவர்களுள் பலர் பிற்காலத்தில் அதே புற்றால் இறந்தனர். அறியாமையால் நேர்ந்த பழைய இறப்புகளைவிட, அறிந்த பின்னும் தடுக்கப்படாத இந்த இறப்புகள் மிகக் கடுமையான தீர்ப்புக்கு உரியவை.

ஆர்ன்ஸ்டைன் திருத்திய பிழையின் வேறொரு வடிவம் இங்கிலாந்தில் நீடித்தது. சைட்டோபிளாசம் மிகக் குறைந்து, ஓட்ஸ் தானிய மணி வடிவில் நெருங்கிக் கிடக்கும் சிற்றணுக்களாலான கட்டிகள் நெஞ்சிடைப் பகுதியை நிறைத்திருப்பதைக் கண்ட நோயியலார், அவற்றை அப்பகுதியிலேயே பிறந்த சதைப்புற்று என்று கருதிவந்தனர். 1926இல் பர்னார்ட் என்னும் நோயியலர், இக்கட்டிகள் மூச்சுக்குழாயில் கண்ணுக்குத் தப்பும் அளவுக்குச் சிறிய புற்றாகத் தொடங்கி முடிச்சுகளுக்குப் பரவியவை என்று நிறுவினார். சிற்றணு நுரையீரல் புற்று என்று இன்று அறியப்படும் நோய் அதுவே. புகைப்பழக்கத்துடன் மிக நெருங்கிய தொடர்புடைய இந்நோய், நெஞ்சிடைப் பகுதியின் தனி நோயாகவே எண்ணப்பட்டிருந்தால், புகையிலையின்மேல் சாட்டப்பட்ட குற்றத்தின் ஒரு பெரும்பகுதி மறைந்தே போயிருக்கும்.

தைமஸ் சுரப்பியின் கதை வேறு திசையில் சென்றது. இங்கே மருத்துவம் இல்லாத நோயைக் கண்டது. காரணமின்றித் திடீரென இறந்த குழந்தைகளின் உடலைக் கூறாய்ந்தபோது மார்பெலும்புக்குப் பின்னால் பெரிய தைமஸ் இருப்பதைக் கண்டவர்கள், அச்சுரப்பி மூச்சுக்குழாயை நெருக்கிக் குழந்தையைக் கொன்றதென்று நினைத்தனர். 1614இல் ஸ்விட்சர்லாந்தின் ஃபெலிக்ஸ் பிளாட்டர் அத்தகைய ஒரு குழந்தையைக் குறித்திருந்தார். 1830இல் ஜெர்மனியின் கோப் இதனைத் தைமஸ் இளைப்பு என்று ஒரு நோயாகவே வகுத்தார். 1889இல் வியன்னாவின் பால்டாஃப், தைமசும் நிணத்திசுக்களும் மிகுந்த உடல்வாகு உடையோர் சிறு அதிர்ச்சியிலும் இறக்கக்கூடியவர் என்ற கொள்கையை முன்வைத்தார். மயக்கமருந்து தந்ததும் ஒரு குழந்தை இறந்தால், பழி தைமசின்மேல் விழுந்தது.

பிழையின் வேர் ஒப்பீட்டில் இருந்தது. நீண்ட நோயிலும் பட்டினியிலும் தைமஸ் விரைவாகச் சுருங்கிவிடும். மருத்துவக் கூடங்களுக்கு வந்த உடல்களில் பெரும்பாலானவை நாள்பட்ட நோயாலும் ஊட்டக்குறைவாலும் நலிந்து இறந்த ஏழைக் குழந்தைகளுடையவை. அவற்றின் சுருங்கிய தைமசே இயல்பான அளவென்று பாடநூல்களில் பதிந்தது. நல்ல உடல்நிலையில் இருந்து திடீரென இறந்த குழந்தையின் சரியான அளவுடைய தைமஸ், அந்த அளவுகோலில் பூதாகரமாகத் தெரிந்தது. ஆக, வறுமை உடலில் விட்டுச்சென்ற அடையாளமே ஆரோக்கியத்தின் அளவாகி, ஆரோக்கியம் நோயாயிற்று.

1895இல் ரோன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த பின் இந்தத் தவறு மிக ஆபத்தான வழக்கமாக மாறியது. குழந்தையின் நெஞ்சுப் படத்தில் தைமசின் நிழல் அகன்று தெரிவது இயல்பு. அதைப் பெருத்த சுரப்பி என்று படித்தனர். 1907இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஃப்ரீட்லேண்டர் எக்ஸ் கதிரால் தைமசைச் சுருக்கியதாக அறிவித்தார். சுரப்பி உண்மையிலேயே சுருங்கியது, ஏனெனில் கதிர்வீச்சால் மிக எளிதில் அழியும் அணுக்கள் தைமசில் நிறைந்தவை. சுருங்கியதே சிகிச்சையின் வெற்றிக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. அடுத்த நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் கைக்குழந்தைகளின் நெஞ்சுக்கும் கழுத்தடிக்கும் கதிர்வீச்சு தரப்பட்டது. எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைகளுக்குக்கூட முன்னெச்சரிக்கையாகத் தரப்பட்டது. பெற்றோர் அன்பினால் அழைத்து வந்தனர், மருத்துவர் அக்கறையினால் செய்தனர். 1931இல் பிரித்தானியாவில் யங், டர்ன்புல் இருவரும் ஏராளமான பிணக்கூறாய்வுப் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்து, பால்டாஃப் கூறிய உடல்வாகு என ஒன்று இருப்பதற்குச் சான்றில்லை என்று அறிவித்த பின்னரும் அமெரிக்காவில் வழக்கம் உடனே நிற்கவில்லை.

1950இல் நியூயார்க்கில் டஃபியும் ஃபிட்ஸ்ஜெரால்டும் தைராய்டு புற்றுநோய் கண்ட 28 சிறாரின் பதிவுகளைப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கைக்குழந்தையாக இருந்தபோது தைமசுக்குக் கதிர்வீச்சு பெற்றிருந்தது தெரியவந்தது. அதன்பின் ராசெஸ்டர் நகரில் ஹெம்பில்மன் குழுவினர், அவ்வாறு கதிர்வீச்சு பெற்ற ஆயிரக்கணக்கானோரையும் பெறாத அவர்களுடைய உடன்பிறந்தோரையும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, தைராய்டு புற்று மிகுந்திருந்ததை நிறுவினர். கதிர்வீச்சு பெற்ற பெண் குழந்தைகள் வளர்ந்தபோது மார்பகப் புற்றும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது பின்னர் தெரிந்தது. நெஞ்சின் நடுவே இல்லாத ஒரு நோயைத் தேடிய மருத்துவம், அதன் சுற்றுப்புறத்தில் உண்மையான புற்றை விதைத்துவிட்டது.

தைமசில் உண்மையாகவே பிறக்கும் கட்டிக்குத் தைமோமா என்று பெயர். அதனை அறிவதற்கான வழி எதிர்பாராத இடத்திலிருந்து, தசை பலவீன நோயிலிருந்து, திறந்தது. மயஸ்தீனியா கிராவிஸ் எனப்படும் அந்நோயில் இமைகள் தொய்யும், பொருள்கள் இரண்டாகத் தெரியும், மெல்லவும் விழுங்கவும் வலு குன்றும், முற்றினால் மூச்சே நிற்கும். 1901இல் ஜெர்மனியின் கார்ல் வைகர்ட் அந்நோயால் இறந்த ஒருவரின் தைமசில் கட்டி இருந்ததை விவரித்தார். 1911இல் சூரிக் நகரில் சாவர்புரூக், தைராய்டு மிகைச்சுரப்பும் மயஸ்தீனியாவும் ஒருங்கே கொண்ட ஒரு பெண்ணின் தைமசைக் கழுத்து வழியாக நீக்கியபோது தசை பலவீனம் தணிந்தது. நெஞ்சைத் திறந்தால் நுரையீரல் சுருங்கி உயிர் போகும் என்ற அச்சம் ஆண்ட காலம் அது. 1897இலேயே கெய்ரோவில் ஹெர்பர்ட் மில்டன் மார்பெலும்பை நடுவே பிளந்து நெஞ்சிடைப் பகுதிக்குள் செல்லும் முறையை விவரித்திருந்தும், அதனைப் பின்பற்றியோர் சிலரே.

1936இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஆல்ஃபிரட் பிளேலாக் அவ்வாறு மார்பெலும்பைப் பிளந்து, மயஸ்தீனியாவால் துன்புற்ற ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை நீக்கினார். அவள் நலம் பெற்றாள். பின்னர் நீலநிறக் குழந்தைகளுக்கான இதய அறுவையால் புகழ்பெற்ற பிளேலாக், கட்டி இல்லாத மயஸ்தீனியா நோயாளிகளின் தைமசையும் 1940களில் நீக்கத் தொடங்கினார். லண்டனில் பொருளியல் அறிஞர் கெயின்சின் தம்பியான ஜெஃப்ரி கெயின்ஸ் அந்த அறுவையைப் பெருமளவில் செய்து செம்மைப்படுத்தினார். ஒரு சுரப்பியை நீக்கினால் கண்ணிமை ஏன் உயர்கிறது என்பது அவர்களில் எவருக்கும் தெரியாது. விடைக்குத் தேவையான அடிப்படை 1961இல் கிடைத்தது. லண்டனில் எலிகளின் இரத்தப் புற்றை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்தவுடனே தைமசை இழந்த எலிகள் தொற்றுகளை எதிர்க்க முடியாமல் இறப்பதையும், அயல் தோலை ஒதுக்காமல் ஏற்பதையும் கண்டு, எதிர்ப்பாற்றலின் ஒரு பாதியை உருவாக்கும் உறுப்பே தைமஸ் என்று காட்டினார். அதுவரை நிணவணுக்களின் இடுகாடு என்று பலர் ஒதுக்கிய சுரப்பி அது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி ஏற்கும் வாங்கிகளை உடலின் எதிர்ப்புப் புரதங்களே தாக்குவதால் மயஸ்தீனியா வருகிறது என்பது 1970களில் தெளிந்தபோது, தைமசின் கோளாறும் தசையின் பலவீனமும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டன. தைமோமா உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கேனும் மயஸ்தீனியா இருப்பதால், இமை தொய்ந்து வருபவரின் நெஞ்சைப் படமெடுப்பது இன்று நடைமுறை.

அப்போதும் ஒரு குழப்பம் எஞ்சியிருந்தது. தைமசில் காணப்பட்ட எல்லாக் கட்டிகளும், ஹாட்ஜ்கின் நோயாயினும் இனப்பெருக்க அணுக்களின் கட்டியாயினும், தைமோமாவின் வகைகளாகவே எண்ணப்பட்டன. 1976இல் ஹுவான் ரோசாயும் ஜெரால்ட் லெவைனும், தைமசின் எபித்தீலிய அணுக்களில், அதாவது அச்சுரப்பியின் சட்டகமாக அமைந்த அணுக்களில், பிறந்த கட்டி மட்டுமே தைமோமா என்று வரையறுத்தனர். கட்டி தன் உறையைத் தாண்டி எவ்வளவு பரவியுள்ளது என்பதை வைத்து 1981இல் ஜப்பானின் மசாவோகா வகுத்த நிலைகள், எவருக்கு அறுவையே போதும், எவருக்குக் கதிர்வீச்சும் வேண்டும் என்பதைச் சொல்ல உதவின.

வரையறை சுருங்கியதால் வெளியே தள்ளப்பட்ட இனப்பெருக்க அணுக்கட்டியைத் தனியே அறிவது உயிர்காக்கும் செயலாயிற்று. கருவில் இனப்பெருக்க அணுக்கள் உடலின் நடுக்கோட்டை ஒட்டி நகர்ந்தே தம் இடத்தை அடைகின்றன. விதைப்பைக்கு வெளியே, நெஞ்சின் முன்பகுதியிலும் அவ்வகை அணுக்களிலிருந்து கட்டி பிறக்கிறது, பெரும்பாலும் இளம் ஆண்களிடம். முன்னர் இத்தகைய இளைஞர்கள் சில மாதங்களில் இறந்தனர். 1974இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஐன்ஹார்ன், பிளாட்டினம் அடிப்படையிலான சிஸ்பிளாட்டின் மருந்தை வேறு இரண்டுடன் சேர்த்து விதைப்புற்றுக்குக் கொடுத்து வியத்தகு பலன் கண்டார்; நெஞ்சில் பிறந்த அதே இனக் கட்டிக்கும் அம்மருந்து பயன்பட்டது. செமினோமா என்னும் வகையினரில் மிகப் பெரும்பாலோர் குணமடைகின்றனர். மற்ற வகையினரில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைக்கின்றனர். ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி என்னும் புரதங்களை இரத்தத்தில் அளப்பதாலேயே இக்கட்டியைப் பல வேளைகளில் அறியமுடிகிறது.

நிணத்திசுப் புற்றின் மருந்துச் சிகிச்சை இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில், போர் நச்சுவாயுவின் உறவுப்பொருளான நைட்ரஜன் மஸ்டர்ட், கதிர்வீச்சுக்குக் கட்டுப்படாத நிணப்புற்றுக் கட்டிகளால் அவதியுற்ற ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. கட்டிகள் உருகின, பின் மீண்டும் வளர்ந்தன. வேதிச்சிகிச்சை பிறந்தது அவ்வாறே. 1950இல் டொரண்டோவின் வேரா பீட்டர்ஸ், ஹாட்ஜ்கின் நோய் தொடக்கநிலையில் கதிர்வீச்சால் குணமாகும் என்று கணக்குகளுடன் காட்டினார். ஸ்டான்ஃபோர்டின் ஹென்றி கேப்லன் கழுத்து முதல் நெஞ்சிடை வரை ஒரே பரப்பாகக் கதிர்வீச்சு தரும் முறையை வளர்த்தார். ஆயிரக்கணக்கான இளையோர் பிழைத்தனர். ஆனால் பத்து இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் பெண்களிடம் மார்பகப் புற்றும், இருபாலாரிடமும் இதயத் தமனி நோயும் மிகுந்தன. தைமஸ் கதிர்வீச்சில் கற்ற பாடம் இங்கு மீண்டும் எழுந்தது, ஒரு பெரும் வேறுபாட்டுடன்: இவர்களுக்கு நோய் உண்மையில் இருந்தது, சிகிச்சையின்றி அவர்கள் வாழ்ந்திருக்க மாட்டார்கள். 1975இல் மிலான் நகரின் போனடோன்னா நான்கு மருந்துகளின் கூட்டை அறிமுகப்படுத்திய பின், கதிர்வீச்சின் பரப்பும் அளவும் படிப்படியாகக் குறைக்கப்பட்டன.

கட்டியிலிருந்து திசு எடுக்க முடிந்ததால்தான் இந்தப் பிரிப்பெல்லாம் நோயாளி உயிருடன் இருக்கும்போதே இயன்றது. 1959இல் ஸ்டாக்ஹோமின் எரிக் கார்லென்ஸ், கழுத்தடியில் சிறு கீறலிட்டு ஒளிக்குழாயை மூச்சுக்குழாயை ஒட்டி இறக்கி முடிச்சுகளிலிருந்து திசு எடுக்கும் முறையை வெளியிட்டார். 1970களில் சிடி ஸ்கேன் கட்டியின் இடத்தைத் துல்லியமாகக் காட்டியது. இன்று மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் அல்ட்ராசவுண்ட் கருவியின் துணையுடன் ஊசியாலேயே முடிச்சைத் தொட முடிகிறது. காசநோய் பரவலாக உள்ள இந்தியா போன்ற நாடுகளில் இந்த ஊசிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நெஞ்சிடை முடிச்சுகள் பெருத்து, மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் எடைக்குறைவும் இருப்பவருக்குக் காசநோயும் இருக்கலாம், நிணப்புற்றும் இருக்கலாம். ஸ்டெர்ன்பெர்க்கைக் குழப்பிய அதே ஒற்றுமை இங்கே அன்றாட மருத்துவச் சிக்கல். திசு பார்க்காமல் காசநோய் மருந்து தொடங்கி மாதங்கள் கழிவதும், மூச்சுத்திணறலுக்கு அவசரமாகத் தந்த ஸ்டீராய்டு நிணப்புற்றைத் தற்காலிகமாக உருக்கி, பின் எடுக்கும் திசுவில் நோயே தெரியாமல் செய்வதும் மருத்துவர்கள் நன்கு அறிந்த இடர்கள்.

இளம்பெண்களின் நெஞ்சில் விரைந்து வளரும் மற்றொரு நிணப்புற்று 1980களில் தனியாக அடையாளம் காணப்பட்டது. தைமசுக்குள் வாழும் பி நிணவணுக்களில் பிறக்கும் அதனை, முன்னர் பிற இடங்களில் தோன்றும் பெரிய பி அணுப் புற்றுகளோடு சேர்த்தே எண்ணினர். 2003இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் அதன் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயல்பாட்டை அளந்தபோது, அது அந்தப் புற்றுகளைக் காட்டிலும் ஹாட்ஜ்கின் நோயோடு நெருங்கிய உறவுடையது என்பது வெளிப்பட்டது. இரண்டின் இயல்புகளையும் கலந்து கொண்ட கட்டிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் தன் வகைப்பாட்டில் இடைநிலைப் புற்று என்று இடம் ஒதுக்கியது. 2022இல் வெளியான திருத்தத்தில் அந்த இடத்தை நெஞ்சிடைப் பகுதியில் தோன்றுபவற்றுக்கு மட்டுமே உரியதாக்கியது. நுண்ணோக்கியில் அதே தோற்றம் காட்டினாலும் உடலின் வேறு இடங்களில் பிறந்தவை மரபணுக்களால் வேறுபட்டவை என்று தெரியவந்ததே அதற்குக் காரணம்.